பாட்டிலில் இல்லாத நீலம்

நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு களக் குறிப்பேடு கொடுத்திருப்பார்கள். தும்பிகளைப் பதப்படுத்தும் பகுதியின் கடைசியில் அதில் ஒரு வரி உண்டு: ‘நீலப் பொடி படிந்த ஆண் தும்பிகளை அசிட்டோனில் இடக் கூடாது, உலர்ந்த காகித உறையில் வைக்கவும்.’ அந்த வரியை எழுதியவன் நான். ஏன் எழுதினேன் என்று அதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல. இப்போது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நம்முடைய வயல் பூச்சிக் கணக்கெடுப்பின் தெற்குப் பிரிவு பாறசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. அதற்குப் பொறுப்பாளன் நான். பெருங்கடவிளையிலிருந்து காரோடு வரைக்கும் ஐந்து வயல்கள், வயலுக்கு ஒருவராக ஐந்து தற்காலிகப் பணியாளர்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை வெயில் ஏறியதும், குறித்த வரப்பில் குறித்த தூரம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணில் படும் தும்பிகளை நிறத்தையும் குறிகளையும் பார்த்து இனம் பிரித்து நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு இனத்திலும் மாதம் நான்கைப் பிடித்துக் கொண்டுவந்து தர வேண்டும். நோட்டும் பூச்சியும் ஒன்றுக்கொன்று சாட்சி. முறை அவ்வளவுதான்.

அந்த ஆண்டு நான் ஒரு புதுமை செய்தேன். செத்த தும்பியின் நிறம் இரண்டு நாளில் அழுகிக் கறுத்துவிடும். உடனே அசிட்டோனில் போட்டால் உடலின் கொழுப்பு கரைந்து நிறம் நிற்கும் என்று படித்திருந்தேன். ஐந்து பேருக்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிடித்த இடத்திலேயே போட்டு மூடிவிட வேண்டும், அலுவலகம் வரும்வரை திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சிவப்பு சிவப்பாகவே வந்தது. பச்சை பச்சையாகவே வந்தது. திருவனந்தபுரத்திலிருந்த மேலதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

காரோட்டு வயலைப் பார்த்தவர் லில்லிபாய். பத்தாம் வகுப்பு தேறியவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். இருந்தும் நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். கணவர் பொழியூரில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கடல் ஏறி இரண்டு முறை வீட்டை எடுத்துவிட்டதால் உள்ளே தள்ளி காரோட்டுக்கு வந்து குடியிருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வரப்போகிறது என்று செய்தி வந்த அன்று மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். லில்லிபாய் நோட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

“எனக்குக் கிட்டினா, கடல் எடுத்துட்டுப் போவாத ஒரு சாதனம் எங்களுக்கு உண்டுண்ணு இருக்கும் சாரே.”

அவருக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். அவருடைய நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், மழை பெய்து எழுத்து கலைந்திருக்கும், ‘ஒன்று சரியாகக் காணவில்லை’ என்ற வரி இருக்கும். மற்ற நால்வரின் நோட்டுகள் சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தத்தை அப்போது நான் ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

வயல் வரப்பில் தரையிலேயே உட்காரும் ஒரு சிறு தும்பியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இளம் ஆணுக்கு உடல் பச்சை கலந்த மஞ்சள், மேலே கறுப்புக் குறிகள். முற்றியதும் உடல் முழுக்கச் சாம்பல் பூசியது போல் நீலம் படியும். நீலம் இருந்தால் அந்த வயலில் அவை முற்றி நிலைத்திருக்கின்றன என்று பொருள். லில்லிபாய் அந்த மாத நோட்டில் ‘நீலம்’ என்று நாற்பத்தொன்று எழுதியிருந்தார். சாட்சிக்குப் பிடித்தவை நான்கு. பாட்டிலைத் திறந்து வடிகட்டித் தட்டில் பரப்பினேன். நான்கில் ஒன்றுகூட நீலம் இல்லை. மங்கிய மஞ்சளும் கறுப்பும். வாலடியைப் பார்த்தேன், நான்கும் ஆண். ‘இளம் ஆண்’ என்று எழுதினேன்.

எழுதும்போது இன்னொன்றையும் கண்டேன். மூன்றின் இறக்கை நுனிகள் கிழிந்து நைந்திருந்தன. கிழிந்த இறக்கை வயதின் அடையாளம் என்று உங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் சொல்வார்கள், எனக்கும் சொல்லியிருந்தார்கள். வலை பட்டிருக்கும் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனேன்.

மற்ற நால்வரின் பாட்டில்களையும் பார்த்தேன். அவர்களுடைய நோட்டில் இந்த இனத்துக்கு ‘மஞ்சள், கறுப்பு’ என்றே இருந்தது. பாட்டிலிலும் அதுவே. ஐந்தில் நான்கு பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. கூப்பிட்டனுப்பினேன்.

“நீலம் நாப்பத்தொண்ணுண்ணு எழுதியிருக்கு. தட்டுல நாலு கெடக்கு, பாரு. எங்க நீலம்?”

குனிந்து பார்த்தார். விரலால் ஒன்றைப் புரட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நாலும் நீலமாக்கும் சாரே. எனக்க கையால பிடிச்சு எனக்க கையால போட்டேன்.”

“பின்னே எப்பிடி மாறிச்சு?”

“எனக்குத் தெரியாது.”

“பாட்டிலை வழியில திறந்தியா?”

“திறக்கப்பிடாதுண்ணு சார்தானே சொன்னீங்க.”

“களத்துக்குப் போகாம வீட்டுல இருந்து எழுதினியா?”

“நான் கண்டதத்தான் எழுதினேன். கள்ளம் எழுத எனக்கு அறியாது சாரே. ஒரு தடவ வரப்புக்கு வாங்க. பத்து மணி வெயிலுக்கு வந்தா காட்டித் தாறேன்.”

காரோட்டுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறார், அதற்குள் ஐந்து பேரைப் பற்றியும் அறிக்கை தயாராக வேண்டும் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னதும் நான் முடிவுக்கு வந்துவிட்டேன். பொய் எழுதியவர் என்றால் ஏதாவது ஒரு விளக்கத்தோடு வந்திருப்பார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை அவரே வந்தார். கையில் மூடிபோட்ட தூக்குப் பாத்திரம். உள்ளே ஈரப் புல், புல்லின் மேல் உயிரோடு ஒரு தும்பி. மூடியைக் கொஞ்சமாக நகர்த்திக் காட்டினார். நல்ல நீலம். சந்தேகமில்லாத நீலம்.

“பாத்தியளா சாரே? எனக்க வரப்புல பிடிச்சதாக்கும்.”

“இப்படி ஒண்ணு உலகத்துல இல்லண்ணு யாரு சொன்னா? உனக்க பாட்டில்ல இல்ல. அதாக்கும் பேச்சு.”

வந்த மாதிரியை வீணாக்கக் கூடாது என்ற பழக்கத்தில் அதை எடுத்து மேசைமேல் இருந்த பழுப்பு பாட்டிலில் போட்டு மூடினேன். சீட்டு எழுதினேன்: காரோடு. ஆண். நிறம் நீலம். ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயர். அப்போது பொறுப்பாளர் பெயரை எழுதுவதுதான் வழக்கம். லில்லிபாய் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தலைகீழாக அதைப் படித்தார்.

“பிடிச்சது நானில்லியா? எனக்க பேரு எழுதலியா சாரே?”

“ஆபீஸ் முறை அப்படித்தான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்த மேலதிகாரி நல்ல மனிதர், வேலையில் கறாரானவர். ஒரே ஒரு கள்ளக் கணக்கு உள்ளே புகுந்தால் மொத்தக் கணக்கெடுப்பும் பாழ் என்று மலையாளத்தில் சொன்னார். உறுதிதானா என்று என்னிடம் கேட்டார். உறுதி என்றேன். ஒரு பக்க அறிக்கையில், களத்துக்குச் செல்லாமலேயே பதிவுகள் எழுதப்பட்டதாகத் தெரிகிறது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதன் படி ஒன்றைக் கையில் கொடுத்து லில்லிபாயை நிறுத்தினோம். பணியிடம் பாறசாலை வயலைப் பார்த்த தாசையனுக்குப் போனது.

தாசையன் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். “எனக்க பாட்டிலு ஒருநாளும் எனக்க நோட்டோட சண்டைக்குப் போனதில்ல சாரே” என்று அடிக்கடி சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஏறக்குறைய பதினான்கு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்ட ஒவ்வொரு இனத்திலும் ஒரு நல்ல மாதிரி எடுத்துவைக்கும் வேலை வந்தது. நிறம் மாறும் ஆணைக் காட்ட வேண்டுமே என்று அலமாரியைத் துழாவினேன். என் கையெழுத்தில் ‘நிறம் நீலம்’ என்று சீட்டிருந்த உறை கிடைத்தது. பாட்டிலில் ஊறியதை உலர்த்திச் சீட்டோடு உறையிலிட்டு ஒட்டுவது பணியாளர்களின் வேலை, அதனால் அதை நான் அதற்குப் பிறகு பார்த்திருக்கவில்லை. மேசை விளக்கின் கீழ் வைத்தேன்.

உள்ளே இருந்தது மஞ்சளும் கறுப்பும்.

முதலில் சீட்டைத் திரும்பப் படித்தேன். என் எழுத்துதான். உறையைத் திருப்பினேன். ஒட்டியது பிரியவில்லை. அந்த நீலத்தை நான் என் கண்ணால் பார்த்தவன், என் கையால் போட்டவன். இருந்தும் எனக்கு வந்த முதல் எண்ணம், யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதுதான். தாசையனைக் கூப்பிட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், அவர் ஓடி வந்தார்.

“இந்த உறையை யாரு தொட்டது?”

எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை.

“ஆரும் தொடல்ல சாரே. மருந்துல போட்டது இல்லியா? நீலம் போவும்.”

“என்ன?”

“மத்த நெறமெல்லாம் நிக்கும். அந்த நீலம் மேல பூசின பொடியில்லியா, அது கரைஞ்சு போவும்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“ஒமக்கு எப்பத் தெரியும்?”

“மொத வாரமே தெரியும். சாயாக்கடையில இருந்து பாட்டிலத் தொறந்து பாத்துல்லா நாங்க நோட்டு எழுதினது. நாலு பேரும் அப்படித்தான். பாட்டில்ல உள்ளத எழுதினா சாருக்குத் திருப்தி. லில்லிபாயி மட்டும் தொறக்கமாட்டேன்னு நிண்ணா.”

“என்கிட்ட ஏன் சொல்லல்ல?”

தாசையன் அன்று சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

“சாருக்குத் தெரியாதுண்ணு நாங்க நினைக்கல்ல சாரே.”

“அவளை நிறுத்தினப்போ?”

“அப்ப சொன்னா, நாங்க பாட்டிலப் பாத்து எழுதினது வெளிய வருமே.”

மறுநாள் காலை பேருந்தேறிக் காரோட்டுக்குப் போனேன். பதினான்கு மாதத்துக்கு முன் போகாத அந்த அரை மணி நேரப் பயணம். பத்து மணி வெயிலில் வரப்பில் இருபதடி நடப்பதற்குள் ஏழு நீலத்தை எண்ணினேன். ஒன்றைப் பிடித்து, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் இருந்த அசிட்டோனில் போட்டு, தென்னை நிழலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் முதுகில் மங்கியது. பிறகு வயிற்றில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் இல்லாமல் ஆகி, கீழே இருந்த கறுப்பும் மஞ்சளும் வெளியே வந்தன. மதியத்துக்குள் என் கையில் இருந்தது, லில்லிபாயின் தட்டில் நான் பார்த்த அதே தும்பி.

நாற்பத்தொன்றும் உண்மை. பொய் சொன்னது என் பாட்டில். ஐந்து பேரில் நான்கு பேர் ஏமாற்றியிருந்தார்கள். ஏமாற்றாத ஒருவரைப் பிடித்து நான் வெளியே அனுப்பியிருந்தேன். அனுப்பிய காரணம், அவர் நான் சொன்னபடி பாட்டிலைத் திறக்காமல் கொண்டுவந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போனேன். முந்திரி ஆலையில் இருந்தார். எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்று சொல்வோம். மதிய இடைவேளையில் வாசலுக்கு வந்தார். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. நடந்ததை முழுக்கச் சொன்னேன். பாட்டில், பொடி, தாசையன், எல்லாம். குறுக்கிடாமல் கேட்டார். நான் அவர் கைகளைப் பார்ப்பதைக் கண்டுவிட்டு விரல்களை விரித்துக் காட்டினார்.

“இந்தக் கறுப்பு ஒங்களுக்க மருந்துல போட்டாலும் போவாது, கேட்டியளா.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“அது செரி. ஞாயித்துக்கிழமப் பள்ளியில பிள்ளைகளுக்க வருகப் பதிவு நானாக்கும் எழுதினது, பதினோரு வருஷம். கள்ளக் கணக்கு எழுதினவளுண்ணு சொல்லி அந்த நோட்ட வாங்கிட்டாவ. நீங்க இஞ்ச வந்து வாயால சொன்னா அவங்களுக்குத் தெரியுமா? எழுதியில்லியா என்னை அனுப்பினீங்க? இதையும் எழுதித் தாங்க.”

எழுதிக் கொண்டுவருவதாகச் சொன்னேன். எழுதினேன். அலுவலகத் தாளில், மலையாளத்தில், முத்திரை வைத்து. அதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்தேன். கடைசியில் வந்தது இதுதான்: ‘பதப்படுத்தும் முறையில் காணப்பட்ட ஒரு வேதி மாற்றத்தின் காரணமாக, பணியாளர் ஒருவரின் பதிவுகளைக் குறித்து எழுந்த ஐயம் இப்போது நீங்கியுள்ளது.’

லில்லிபாய் அதை வாசலில் நின்றே படித்தார். ஒருமுறை மனதுக்குள், ஒருமுறை உதடு அசைத்து.

“பணியாளர் ஒருவர். அது ஆரு சாரே?”

“நீதான்... நீங்கதான்.”

“எனக்க பேரு எங்க?”

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

“என்னை அனுப்பின பேப்பர்ல எனக்க பேரு மூணு எடத்துல உண்டு. நான் எண்ணி வச்சிருக்கேன். இதுல ஒரு எடத்துலயும் இல்ல. ஒங்களுக்க பேரும் இல்ல. மருந்து தப்பு செய்து மருந்தே திருத்தினது போலல்லவா இருக்கு?”

தாளை நான்காக மடித்து, கறுப்பு படாமல் இரண்டு விரல் நுனியால் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஆலைச் சங்கு ஊதியது. “வேலைக்கு நேரமாச்சு. பேரு எழுதிட்டு வாங்க சாரே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் திரும்பப் போகவில்லை.

மேலதிகாரியிடம் போனேன், அது உண்மை. பெயரோடு எழுதினால் தாசையனின் நியமனம் கேள்வியாகும், நான்கு வயல்களின் பதிவையும் தள்ள வேண்டும், என் பதவி உயர்வுக்கான கோப்பு மேசையில் இருக்கிறது, யோசித்துச் செய் என்றார். செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. யோசிக்கச் சொன்னார், நான் யோசித்தேன். யோசித்து முடித்தபோது பதவி உயர்வு வந்திருந்தது. களக் குறிப்பேட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அதிலும் பெயர் இல்லை. அதைச் சேர்த்த நாளில், ஏதோ செய்துவிட்டதாக எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு அதிர்ச்சி தருவது பாட்டிலில் நீலம் கரைந்ததைவிட அந்த நிம்மதிதான்.

உங்களுக்கு நான் பெரிய பாடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நிறத்தைப் பாருங்கள், குறிகளைப் பாருங்கள், இறக்கை நுனியையும் பாருங்கள். எல்லாக் கணக்கும் பொருந்துகிறபோது கொஞ்சம் பயப்படுங்கள். நோட்டும் மாதிரியும் முரண்பட்டால், நோட்டு எழுதியவரைக் கூப்பிட்டு நிறுத்துவதற்கு முன் அவருடைய வரப்புக்குப் போய்வாருங்கள்.

பாடத்தைவிட எனக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஓய்வு பெற்றவனுக்கு அந்த அலமாரியைத் திறக்க உரிமையில்லை. உங்களுக்கு உண்டு. தும்பிகளின் வரிசையில் காரோடு என்று குறித்த உறைகளில், என் கையெழுத்தில் ‘நிறம் நீலம்’ என்று சீட்டுள்ள உறை ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் பூச்சியில் துளி நீலமும் இருக்காது. சீட்டில் பிழை என்று நினைத்து நிறத்தைத் திருத்திவிடாதீர்கள். நிறம் சரி. இடம் சரி. ‘சேகரித்தவர்’ என்ற இடம் மட்டும்தான் பொய். அங்கே என் பெயரை அடித்துவிட்டு, பென்சில் வேண்டாம், மையால் எழுதுங்கள்: லில்லிபாய், காரோடு.

எழுதிய சீட்டைப் படியெடுத்து என்னிடம் தாருங்கள். காரோட்டுக்கு நான் கொண்டுபோகிறேன்.